இலங்கையின் தமிழ் ஆண்கள் கல்லூரிகளில் இணைப்பாடவிதானச் செயற்பாடுகளும் மாணவர் ஆக்கங்களும்

இலங்கைப் பாடசாலைகளில் பாடவேளைக்கு வெளியே நடைபெறும் விளையாட்டு, சாரணியம், விவாதம், நாடகம், இசை, சஞ்சிகை வெளியீடு, கழக வேலைகள் ஆகியவை இணைப்பாடவிதானச் செயற்பாடுகள் என்ற பொதுப்பெயரில் அடங்குகின்றன. வடக்கிலும் கிழக்கிலும் உள்ள பழைய ஆண்கள் கல்லூரிகளைப் பொறுத்தவரை இவை படிப்பின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டவை அல்ல. ஊர் ஒரு கல்லூரியை அறிவது பரீட்சைப் பெறுபேறுகளால் எவ்வளவோ அவ்வளவு அதன் துடுப்பாட்ட அணியாலும், மேடைப் பேச்சாளர்களாலும், ஆண்டு மலராலும்தான். இந்த மரபு எங்கிருந்து வந்தது, அதில் எந்தப் பகுதி செழித்தது, எது வாடியது, இன்று அது எந்த நிலையில் நிற்கிறது என்பவை ஒன்றாக வைத்துப் பார்க்கப்பட வேண்டிய கேள்விகள்.

அடித்தளம் இட்டவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிஷனரிமார். இங்கிலாந்துத் திருச்சபை மிஷனைச் சேர்ந்த ஜோசப் நைற் 1823இல் நல்லூரில் தொடங்கிய பாடசாலையே பின்னர் சுண்டுக்குளியில் பரியோவான் கல்லூரி ஆனது. வெஸ்லியன் மிஷனின் பீற்றர் பேர்சிவல் 1834இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு உருக்கொடுத்தார். பருத்தித்துறையில் 1838இல் தொடங்கிய வெஸ்லியன் பாடசாலை ஹாட்லிக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. கத்தோலிக்கரின் யாழ்ப்பாண ஆண்கள் செமினறி 1850இல் தோன்றி, 1881இல் புனித பத்திரிசியார் கல்லூரி ஆனது. ஆங்கில நாட்டுத் தங்குமிடப் பாடசாலைகளின் வழக்கங்களான இல்லப் பிரிவு, மாணவ முதல்வர் முறை, மாலை நேர ஆட்டம், இலக்கியச் சங்கம், கல்லூரிச் சஞ்சிகை எல்லாம் இந்த வாசல்கள் வழியாகவே வந்தன. சைவர்கள் தமக்கெனக் கல்லூரிகள் அமைத்தபோது மதத்தை மாற்றினார்களே தவிர இந்த அமைப்பை மாற்றவில்லை. 1886இல் தொடங்கிய சிறு ஆங்கிலப் பாடசாலையிலிருந்து வளர்ந்த யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் இல்லங்கள் உண்டு. அவை காசிப்பிள்ளை, நாகலிங்கம், பசுபதி, சபாபதி, செல்வதுரை என்று அக்கல்லூரியை வளர்த்த பெரியோரின் பெயர்களைத் தாங்குகின்றன. பரியோவானில் ஹண்டி, ஜோன்ஸ்ரன், பார்ஜிற்றர், பீற்றோ, தொம்சன் என்பவை இல்லப் பெயர்கள். ஒரே சட்டகத்துக்குள் இரண்டு வரலாறுகள் குடியிருப்பதை இந்தப் பெயர்ப் பட்டியல்களே காட்டிவிடும்.

விளையாட்டில் முதலிடம் துடுப்பாட்டத்துக்கு. பரியோவான் கல்லூரிக்கும் மத்திய கல்லூரிக்கும் இடையே 1904இல் தொடங்கிய ஆண்டுப் போட்டி 'வடக்கின் பெருஞ்சமர்' எனப்படுகிறது. மத்திய கல்லூரி மைதானத்தில் நடைபெறும் இந்தப் போட்டிக்கு ஆட்டம் தெரிந்தவர்கள் மட்டுமன்றி, கொழும்பு, இலண்டன், ரொறன்ரோ, சிட்னி என்று சிதறிய பழைய மாணவர்களும் வருகிறார்கள். பல குடும்பங்களில் பாட்டன், தகப்பன், மகன் என மூன்று தலைமுறையும் அதே கொடியின் கீழ் நின்றிருக்கும். பத்திரிசியார் கல்லூரிக்கும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் இடையிலான 'பொன் அணிகளின் போர்' 1917இல் தொடங்கியது. கொழும்பின் றோயல், சென் தோமஸ் கல்லூரிகளின் போட்டி 1879 முதல் வரும் மரபு என்பதை நினைத்தால், வடக்கு இந்தப் பழக்கத்தை அதிகம் பிந்தாமலே தனதாக்கிக்கொண்டது புரியும். வேற்று மண்ணில் பிறந்த ஆட்டம் ஒன்று நூறு ஆண்டுகளுக்குள் பனைமரங்களுக்கு நடுவே உள்ளூர்த் திருவிழாவாக மாறியது சாதாரண விடயம் அல்ல.

இருந்தும் இந்த மைதானங்கள் உலகுக்குத் தந்த மிகப் பெரிய பெயர் துடுப்பாட்டத்திலிருந்து வரவில்லை. மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் பதின்ம வயதிலேயே 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். 1956இல் மெல்பேர்ணுக்கும் சென்றார். 1958 ரோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. இன்றைய மெத்தைகள் இல்லாத காலத்தில், பாடசாலைப் போட்டிகளின் படிக்கட்டில் தொடங்கிய ஒருவரால் ஆசியாவின் உச்சிக்குப் போக முடிந்தது. அண்மைக் காலத்தில் அதே கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த், மணிக்கட்டுச் சுழற்பந்துவீச்சால் 2020இல் லங்கா பிறீமியர் லீக்கிலும், 2024இல் இந்திய ஐ.பி.எல். தொடரில் ஹைதராபாத் அணியிலும் ஆடினார். ஹாட்லிக் கல்லூரி குண்டெறிதல், தட்டெறிதல் ஆகியவற்றிலும், இளவாலை புனித ஹென்றியரசர் கல்லூரியும் பத்திரிசியாரும் உதைபந்தாட்டத்திலும் பெயர் பெற்றவை.

கிழக்கில் கதை வேறு. 1873இல் தோன்றிய மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரி, கூடைப்பந்தாட்டத்தால் நாடு முழுவதும் அறியப்பட்டது. காரணம், அங்கு பணியாற்ற வந்த அமெரிக்க இயேசு சபைத் துறவிகள். லூசியானாவில் பிறந்து 1948இல் இலங்கைக்கு வந்த யூஜின் ஹேபேர்ட் அடிகளார் பல தலைமுறை மாணவர்களுக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். கடலோரச் சிறு பட்டணத்துப் பிள்ளைகள் தலைநகரின் வசதி படைத்த கல்லூரிகளை வென்று அகில இலங்கைக் கிண்ணங்களைக் கொண்டுவந்தார்கள். போர்க்காலத்தில் சமாதானப் பணியிலும் ஈடுபட்ட அடிகளார் 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், உடன் சென்ற இளைஞருடன் காணாமற்போனார். இருவரைப் பற்றியும் பின்னர் தகவல் இல்லை. ஒரு கல்லூரியில் ஒரு துறை செழிப்பதற்கு நீண்ட காலம் ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் ஒரு பொறுப்பாசிரியர் எவ்வளவு தேவை என்பதற்கு மிக்கேலின் கூடைப்பந்தாட்டத்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

விளையாட்டும் நாட்டின் அரசியலுக்கு வெளியே இருந்ததில்லை. பரியோவான் கல்லூரி அதிபர் சி. ஈ. ஆனந்தராஜன், கல்லூரி மாணவருக்கும் இராணுவத்தினருக்கும் இடையே துடுப்பாட்டப் போட்டி ஒன்று நடப்பதற்கு ஏற்பாடு செய்ததை அடுத்து, 1985 ஜூன் 26இல் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்கு விடுதலைப் புலிகளே பொறுப்பு எனக் கூறப்பட்டது. மாணவர் ஆட்டம் ஒன்று எவ்வளவு விலை கேட்கலாம் என்பதை யாழ்ப்பாணம் அன்று கண்டது. கல்லூரி வரலாறுகளில் இந்தச் சம்பவம் ஒரு வரியோடு கடந்துபோகப்படுவது சரியல்ல. அது முழுமையாக எழுதப்பட வேண்டும்.

ஆண்டின் முதல் தவணையில் நடைபெறும் இல்ல மெய்வல்லுநர் போட்டி, விளையாட்டும் கலையும் கைகோக்கும் இடம். ஓட்டமும் பாய்ச்சலும் ஒருபுறம் நடக்க, மைதானத்தின் ஓரத்தில் ஒவ்வோர் இல்லமும் தனக்கென ஒரு கூடாரம் எழுப்பி அலங்கரிக்கிறது. தடி, கிடுகு, கடதாசி அட்டை, ரெஜிபோம், வர்ணம் ஆகியவற்றால் கோபுரங்களும் கப்பல்களும் கோட்டைகளும் எழும். வாரக்கணக்கில் மாணவர் தாமே வரைந்து, வெட்டி, கட்டி முடிக்கும் இந்த இல்ல அலங்காரத்துக்குத் தனிப் புள்ளிகள் உண்டு. சித்திரப் பாடம் எடுக்காத மாணவனும் இங்கே வடிவமைப்பைக் கற்கிறான், தச்சு வேலை தெரிந்தவன் தலைவன் ஆகிறான். மாலையில் நடுவர்கள் பார்த்துச் சென்றதும் அத்தனையும் பிரிக்கப்பட்டுவிடும். இவ்வளவு கற்பனை செலவழிக்கப்படும் ஒரு கலைக்கு ஒழுங்கான படப்பதிவுகூட இல்லாத கல்லூரிகள் பல.

சீருடை இயக்கங்களின் வரலாறு நேரானது. இலங்கை மாணவர் படையணி 1881இல் கொழும்பில் தொடங்கியது. சாரணியம் 1912இல் மாத்தளைக் கிறைஸ்ற் சேர்ச் கல்லூரியில் அறிமுகமாகி விரைவில் வடக்கை எட்டியது. சனாதிபதி சாரணர் விருது இன்றும் பெருமைக்குரிய இலக்கு. சென். ஜோன் அம்புலன்ஸ் படையணி, செஞ்சிலுவை, இன்ரறக்ற், லியோ கழகங்கள் ஆகியவையும் கோயில் திருவிழாக்களிலும் இரத்ததான முகாம்களிலும் தொண்டு செய்கின்றன.

பேச்சுக்கலைக்கு யாழ்ப்பாணத்தில் தனி மதிப்பு உண்டு. பேர்சிவலின் பாடசாலையில் படித்து அங்கேயே ஆசிரியராகவும் இருந்த ஆறுமுக நாவலர், 1847 டிசம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தமது பிரசங்கங்களைத் தொடங்கினார். கிறிஸ்தவ ஆலயத்தின் பிரசங்க முறையைச் சைவக் கோயிலுக்குக் கொண்டுவந்த அந்தச் செயல், பொது இடத்தில் நின்று கோவையாகப் பேசுவதை ஒரு கல்வித் தகுதி ஆக்கியது. கல்லூரி இலக்கியச் சங்கங்கள் அதைப் பயிற்சியாக மாற்றின. கந்தரோடை ஸ்கந்தவரோதயக் கல்லூரி அதிபர் சுப்பிரமணியத்தைப் பெயருக்கு முன் 'ஒறேற்றர்' என்று சேர்த்தே ஊர் அழைத்தது. நாவன்மை ஒரு மனிதரின் அடையாளமாகவே ஆகிவிட்ட காலம் அது.

மாணவர் சங்கம் ஒன்று நாட்டின் அரசியலையே அசைத்ததும் உண்டு. ஹண்டி பேரின்பநாயகம் முதலானோர் 1924இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆயிற்று. அதன் அழைப்பின் பேரில் 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்து கல்லூரிகளில் உரையாற்றினார். பூரண சுயராச்சியம், சாதி ஒழிப்பு, தாய்மொழிக் கல்வி ஆகியவை அந்த இளைஞர்களின் கோரிக்கைகள். 1931 அரசாங்க சபைத் தேர்தலை யாழ்ப்பாணம் புறக்கணித்ததும் அவர்களது குரலால்தான். பாடசாலைகளில் சம ஆசனமும் சம போசனமும் வேண்டும் என்ற போராட்டமும் அதே காலத்தது. சாதியின் பெயரால் வாங்கிலில் இருக்கவே இடம் மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு மேடையும் மைதானமும் எட்டாத தூரத்தில் இருந்தன. பழைய மலர்களில் தெரியும் பொற்காலப் படங்களைப் பார்க்கும்போது, படத்தில் இல்லாதவர்களையும் எண்ணிப் பார்ப்பது நேர்மை.

பிந்திய காலத்தில் பேச்சு மரபு இலக்கியத்தின் பக்கம் திரும்பியது. 1980இல் யாழ்ப்பாணத்தில் இளைஞர் சிலர் தொடங்கிய கம்பன் கழகம் இதற்கு எடுத்துக்காட்டு. அதன் முன்னோடியான இ. ஜெயராஜ் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் பழைய மாணவர். பட்டிமண்டபமும் வழக்காடு மன்றமும் கல்லூரி மாணவரிடையே பரவுவதற்கு அக்கழகம் பெரிதும் உதவியது. ஆசிரியரின் செல்வாக்கும் இங்கே குறிப்பிடத்தக்கது. இந்துக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த மு. கார்த்திகேசன், வகுப்புக்கு வெளியே அரசியலும் இலக்கியமும் பேசியே மாணவரை வளர்த்தார். பின்னாளில் தமிழ்த் திறனாய்வின் போக்கை மாற்றிய க. கைலாசபதி அவரிடம் படித்தவர்களுள் ஒருவர். எந்தக் கழகத்தின் பதிவேட்டிலும் இடம்பெறாத இத்தகைய உரையாடல்களையும் இணைப்பாடவிதானத்தின் சிறந்த பகுதியாகவே கொள்ள வேண்டும்.

நாடகத்தில் ஆண்கள் கல்லூரிகளுக்கு ஒரு தனிச் சிக்கல் இருந்தது. பெண் பாத்திரங்களையும் பையன்களே ஏற்க வேண்டும். குரல் உடையாத கீழ்வகுப்பு மாணவன் சீதையாகவும் சந்திரமதியாகவும் நிற்பது வழக்கமாயிற்று. கூத்து மரபில் ஆண்களே பெண் வேடம் கட்டியதால் ஊர் இதை இயல்பாக ஏற்றுக்கொண்டது. தொடக்கத்தில் ஷேக்ஸ்பியர் காட்சிகளும் புராண நாடகங்களும் மேடையேறின. பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை நவீன மேடைக்கு மீட்டெடுத்த 1960களில் நிலைமை மாறியது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவர் தயாரித்த 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகியவற்றில் ஆடிய சி. மௌனகுரு, வந்தாறுமூலை மத்திய கல்லூரியில் மாணவராக இருந்தபோதே கூத்தாடியவர். அது ஆண்களுக்கு மட்டுமான பாடசாலை அல்ல. ஆனாலும் பாடசாலை மேடை எவ்வாறு பல்கலைக்கழக அரங்குக்கு வழிவிட்டது என்பதை மௌனகுருவின் பாதை காட்டுகிறது.

அடுத்த பாய்ச்சல் குழந்தை ம. சண்முகலிங்கத்தால் நிகழ்ந்தது. 1978இல் அவர் உருவாக்கிய நாடக அரங்கக் கல்லூரி, வசனத்தை மனனம் செய்து ஒப்புவிக்கும் மேடைப் பழக்கத்தை உடைத்து, உடலாலும் கூட்டு அசைவாலும் பேசும் அரங்கைப் பயிற்றுவித்தது. அங்கு பயின்றவர்களும் அதன் வழியில் வந்தவர்களும் ஆசிரியர்களாகப் பாடசாலைகளுக்குச் சென்றனர். அவர் எழுதிய சிறுவர் நாடகங்கள் பாடசாலைகளில் இன்றும் ஆடப்படுகின்றன. நாடகமும் அரங்கியலும் க.பொ.த. உயர்தரப் பாடமாக உள்ள நாடு என்ற வகையில் இலங்கை இங்கு ஒரு படி முன்னே நிற்கிறது. ஆனால் விஞ்ஞான, கணிதப் பிரிவுகளின் மோகம் மிகுந்த ஆண்கள் கல்லூரிகளில் அந்தப் பாடத்தைத் தெரிவோர் சிலரே. இது கவலைக்குரியது.

இசையில் இரு நீரோட்டங்கள் உண்டு. ஒன்று, வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகள் வழியாகக் கலாவித்தகர் பட்டம் வரை செல்லும் கர்நாடக இசை. வாய்ப்பாட்டில் பெண்பிள்ளைகள் பெருகியிருக்க, ஆண்கள் கல்லூரிகளில் மிருதங்கமும் வயலினும் ஓரளவு நிலைக்கின்றன. மற்றது, விருந்தினரை வரவேற்கவும் அணிநடைக்கும் பயன்படும் மேலைத்தேய பாண்ட் வாத்தியம். இதற்கு மாற்றாகப் பறை, மத்தளம், உடுக்கு, சங்கு, தாளம் முதலிய சொந்த வாத்தியங்களைக் கொண்டு மட்டக்களப்பில் சி. ஜெயசங்கர் முதலானோர் உருவாக்கிய 'இன்னியம்' அணி பாடசாலைகளையும் எட்டியிருக்கிறது. 'யாழ் நூல்' தந்த விபுலானந்த அடிகள் கல்லடி உப்போடையில் வளர்த்தெடுத்த சிவானந்த வித்தியாலயமும் மட்டக்களப்பில்தான் உள்ளது. அந்த மண்ணிலிருந்து இத்தகைய இசைத் தேடல் எழுவது பொருத்தமே.

எழுத்தில் மாணவரின் முதல் அச்சு மேடை கல்லூரிச் சஞ்சிகை. இந்துக் கல்லூரியின் 'இந்து இளைஞன்' போன்றவை தலைமுறைகளாக வந்தவை. தொடக்க இதழ்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. கல்வி மொழி தமிழானபோது சஞ்சிகையும் தமிழுக்கு மாறியது. அதிபர் அறிக்கை, இல்லத் தலைவர் படங்கள், ஆட்ட விவரங்கள், நடுவே கவிதை, சிறுகதை, கட்டுரை என்பதே வழக்கமான வடிவம். நடுப்பகுதிதான் முக்கியமானது. ஒரு மாணவன் தன் பெயரை அச்சில் முதன்முதல் காண்பது அங்கேதான். வகுப்புக்கு வகுப்பு கையெழுத்துச் சஞ்சிகை வெளியிடும் பழக்கமும் இருந்தது. ஒரே பிரதி, அழகான கையெழுத்து, வர்ணப் பென்சில் ஓவியம், சுற்றுக்கு விட்டு வாசிக்கும் முறை. செலவே இல்லாத இந்தப் பயிற்சி அருகிப் போனது பெரிய இழப்பு. இன்றைய மலர்கள் வழவழப்பான தாளில், வாழ்த்துச் செய்திகளும் விளம்பரங்களும் நிறைந்து, மாணவர் ஆக்கத்துக்குக் குறைந்த பக்கமே ஒதுக்கி வருகின்றன. இதைத் திருத்துவது பொறுப்பாசிரியர் கையில்தான் இருக்கிறது.

ஆக்கத் திறனுக்கான அரசின் பெரிய ஏற்பாடு அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டிகள். பாடசாலையில் தொடங்கி, கோட்டம், வலயம், மாகாணம் எனக் கடந்து தேசிய மட்டத்தை எட்டும் இவற்றில் எழுத்தாக்கம், கவிதை, பேச்சு, பாவோதல், விவாதம், இசை, நாட்டார் பாடல், வில்லிசை, நாட்டிய நாடகம், இலக்கிய நாடகம் எனப் பல பிரிவுகள் உண்டு. மலையகத்து மாணவனும் மன்னார் மாணவனும் ஒரே மேடையில் சந்திப்பது இதன் மூலமே சாத்தியமாகிறது. குறையும் உண்டு. பேச்சுப் போட்டிக்கு ஆசிரியரோ பெற்றாரோ எழுதிக் கொடுத்ததை மாணவன் மனனம் செய்து, ஏற்ற இறக்கத்தோடு ஒப்புவிக்கிறான். பரிசு கிடைக்கிறது, சிந்தனை வளர்வதில்லை. அந்த இடத்திலேயே தலைப்புக் கொடுத்து எழுதவும் பேசவும் வைக்கும் பிரிவுகளே உண்மையான திறனைக் காட்டுகின்றன. அவற்றைப் பெருக்குவது நல்லது.

விஞ்ஞானத் துறையில் புத்தாக்குநர் கழகங்களும், 'சஹசக் நிமவும்' எனப்படும் தேசியக் கண்டுபிடிப்புக் கண்காட்சியும் மாணவருக்குக் களம் தருகின்றன. கணித ஒலிம்பியாட்டும் சதுரங்கமும் வடக்கின் ஆண்கள் கல்லூரிகளில் விருப்பத்துடன் பின்பற்றப்படுகின்றன.

இத்தனை வளத்துக்கும் இன்று எதிரே நிற்பது நேரமின்மை. பாடசாலை முடிந்த கையோடு மாணவன் சைக்கிளை மிதித்துத் தனியார் வகுப்பு நடக்கும் ரியூட்டறிக்குப் போகிறான். பல்கலைக்கழக அனுமதி உயர்தரப் பரீட்சையின் இசற் (Z) புள்ளியைச் சுற்றியே அமைந்திருப்பதால், மேடையும் மைதானமும் 'நேரம் வீணாக்கும் வேலை' என்று வீடுகளில் கணிக்கப்படுகின்றன. விளையாட்டிலும் கலையிலும் தேசிய மட்டத்தில் தேறியோருக்கு விசேட அனுமதி வழி உண்டு. ஆயினும் அது மிகச் சிலருக்கே. உயர்தர வகுப்பை எட்டியதும் அணியிலிருந்து விலகும் நல்ல ஆட்டக்காரர் எத்தனையோ பேர். விலகியவர் எல்லோரும் பரீட்சையில் சித்தி பெற்றுவிடுவதும் இல்லை.

பணம் மற்றொரு சிக்கல். பாடசாலைகளை அரசு பொறுப்பேற்க வழிவகுத்த 1960இன் சட்டத்துக்குப் பின் பெரும்பாலான கல்லூரிகள் அரசுடைமை ஆயின. பரியோவான், பத்திரிசியார் போன்றவை தனியார் நிருவாகத்தில் தொடர்ந்தன. இரு வகையினருக்கும் இன்று கைகொடுப்பவை பழைய மாணவர் சங்கங்கள். வெளிநாட்டுக் கிளைகள் அனுப்பும் பணத்தில் பார்வையாளர் அரங்கும் நீச்சல் தடாகமும் பயிற்சி வலைகளும் எழுகின்றன. பெருமளவு விளையாட்டுக்கே போகிறது, அதிலும் துடுப்பாட்டத்துக்கு. நாடகப் பயிற்சிக்கும் சஞ்சிகைக்கும் சங்கீத அறைக்கும் வருவது சொற்பம். புகழ்பெற்ற நகரக் கல்லூரிகளுக்கும் தீவகம், வன்னிப் பாடசாலைகளுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வும் இதனால் ஆழமாகிறது.

போர் எல்லாவற்றையும் குலைத்தது. கோட்டைக்கு அண்மையில் இருந்த மத்திய கல்லூரியின் கட்டடங்கள் சிதைந்தன. பெருஞ்சமர் பல ஆண்டுகள் நடக்கவில்லை. 1981இல் அயலிலிருந்த பொது நூலகம் எரிக்கப்பட்டது, 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. கிண்ணங்கள், புகைப்படங்கள், கழகக் கூட்டக் குறிப்பேடுகள், சஞ்சிகைத் தொகுதிகள் எனப் பலவும் அழிந்தன. 2005 முதல் இயங்கும் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம், பாடசாலை மலர்களையும் தேடி மின்வடிவாக்கி எல்லோருக்கும் இலவசமாக வைத்திருக்கிறது. விடுபட்ட இதழ்கள் இன்னும் பல. பழைய கல்லூரி மலரோ, கையெழுத்துச் சஞ்சிகையோ, நாடகப் பிரதியோ, இல்ல அலங்காரப் படமோ வீட்டு அலுமாரியில் வைத்திருப்போர், அதைச் செல்லரிக்க விடாமல் ஒரு முறை மின்வருடிக் கல்லூரி நூலகத்துக்கும் அந்த எண்ணிம நூலகத்துக்கும் கொடுத்துதவ வேண்டும்.